டீசல் என்றொரு மனிதர்

(ஆட்டோமொபைல் பிரிவு, இறுதியாண்டு மாணவன்)

உங்களிடம் ஒரு கேள்வி. டீசல் என்றால் என்ன?

பங்க்கில் விற்கிற எண்ணெய் என்று சொல்வீர்கள். நானும் போன ஜூன் மாதம் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டோமொபைல் பிரிவில் இரண்டு வருஷம் படித்து முடித்த பிறகும், டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டதற்கு ஒரு காரும் ஒரு அவமானமும்தான் காரணம். அந்தக் கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். மலரில் கட்டுரை எழுதுவது இதுவே முதல் முறை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாரலில் வந்த கார்

செமஸ்டர் லீவில் தென்காசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்குப் போனேன். ஒர்க்‌ஷாப் நடத்துகிறவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அது ஜூன் கடைசி. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கே பார்த்தாலும் வெளியூர் வண்டிகள். அப்படிக் குளிக்க வந்த ஒரு குடும்பத்தின் டீசல் கார் ஒருநாள் காலையில் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. ஓனர் லாட்ஜில் இருந்தார். டிரைவர் மட்டும் வந்திருந்தார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான், அதற்குப் பிறகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது என்று ஒரு எச்சரிக்கையும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஸ்கேனரை மாட்டினேன். பி20இஇ என்று ஒரு கோட் வந்தது. புகைக்குழாயில் இருக்கிற எஸ்.சி.ஆர். கேட்டலிஸ்ட், நைட்ரஜன் ஆக்சைடு வாயுவைப் போதிய அளவு குறைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். முந்தின வாரம் இதே கோட் வந்த வேறொரு வண்டியில் நாக்ஸ் சென்சார் மாற்றியதைப் பார்த்திருந்தேன். உடனே பெரிய இன்ஜினியர் மாதிரி, சென்சார் போயிருச்சு அண்ணாச்சி, மாத்திரலாம் என்று சொல்லிவிட்டேன். அதன் விலை பல ஆயிரம் ரூபாய். டிரைவர் அண்ணன் முகம் வாடிப்போச்சு.

அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏலே, இந்த வண்டி எதுல ஓடுது என்று கேட்டார். டீசல்ல என்றேன். டீசல்னா யாருல என்று கேட்டார். என்னது என்று கேட்காமல் யாரு என்று கேட்கிறாரே என்று முழித்தேன். யாருன்னே தெரியாம அவரு இன்ஜினுக்கு வைத்தியம் பாக்க வந்துட்டியாக்கும், நாளைக்குப் பார்ப்போம், வண்டி நிக்கட்டும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கூட இருந்த பையன்கள் சிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே நூலகத்துக்குப் போனேன். அன்று தொடங்கி ஒரு வாரம் படித்ததுதான் இந்த வாழ்க்கை வரலாறு.

தள்ளுவண்டிச் சிறுவன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18ஆம் தேதி பாரிஸ் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதிக்காரர்கள். பிழைப்புக்காகப் பிரான்சு வந்தவர்கள். அப்பா தியோடர் தோல் சாமான்கள் செய்து விற்றார். பெரிய வருமானம் கிடையாது. செய்து முடித்த சாமான்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாடிக்கையாளர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. நேரம் கிடைத்தால் பாரிஸில் உள்ள தொழில்நுட்பக் காட்சிசாலைக்குப் போய், அங்கே வைத்திருந்த பழைய நீராவி வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் சண்டை மூண்டது. ஜெர்மன்காரர்கள் பாரிஸில் இருக்க முடியாமல் போயிற்று. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. அங்கேயும் வறுமைதான். பன்னிரண்டு வயதுப் பையனை ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பி வைத்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் கணக்கு வாத்தியார். அங்கே தங்கித்தான் படித்தார். பதினான்கு வயதில், தான் இன்ஜினியர் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

1875இல் மியூனிக் நகரத்துப் பாலிடெக்னிக்கில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆம் நண்பர்களே, அவரும் ஒரு பாலிடெக்னிக் மாணவர்தான்! அந்தக் காலத்து ஜெர்மன் பாலிடெக்னிக் நம்முடையதைவிட மேல்படிப்பு என்பது வேறு விஷயம். ஆனால் பெற்றோருக்கு விருப்பமில்லை. பையன் சம்பாதிக்கத் தொடங்கினால் நல்லது என்று நினைத்தார்கள். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நான் பத்தாவது முடித்தபோது, ராஜபாளையத்தில் மில்லில் சேர்த்துவிடலாம் என்று மாமா சொன்னார். அப்பாதான் ஒன்றும் பேசாமல் பீஸ் கட்டினார்.

மியூனிக்கில் அவருக்குப் பாடம் நடத்தியவர் கார்ல் வான் லிண்டே. குளிர்பதன இயந்திரத் துறையில் பெரிய பெயர். அவருடைய வெப்பவியல் வகுப்பில்தான் டீசலுக்கு ஒரு விஷயம் மனதில் தைத்தது. அப்போது உலகத்தையே ஓட்டிக்கொண்டிருந்த நீராவி இன்ஜின், எரிக்கிற நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றவில்லை. மற்றதெல்லாம் வீண். இதைவிடச் சிக்கனமான இன்ஜின் ஒன்றைச் செய்தே தீருவது என்ற எண்ணம் அந்த வகுப்பில் பிறந்தது.

1879இல் இறுதித் தேர்வு நேரத்தில் டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். தேர்வு எழுத முடியவில்லை. அடுத்த தேர்வுக்காகக் காத்திருந்த காலத்தில் சுவிட்சர்லாந்தில் ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பழகினார். 1880 ஜனவரியில் தேர்வு எழுதி மிக உயர்ந்த தகுதியோடு தேறினார். தேர்வு தள்ளிப்போவது எல்லோருக்கும் நடக்கிறதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏன் சொல்லிக்கொண்டேன் என்பது கடைசியில் வரும்.

அம்மோனியா என்ற பழைய பகை

படிப்பு முடிந்ததும் லிண்டேயின் ஐஸ் இயந்திரங்களைக் கவனிக்கிற வேலையில் பாரிஸுக்குப் போனார். அந்த இயந்திரங்களில் குளிர்ச்சியைத் தருவது அம்மோனியா. அதே அம்மோனியா ஆவியை வைத்து ஒரு இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம் என்று பல வருஷம் முயற்சி செய்தார். சோதனையின்போது இயந்திரம் வெடித்தது. உயிர் தப்பியது பெரிது. மருத்துவமனையில் கிடந்தார். அதற்குப் பிறகு உடம்பும் கண்ணும் அவருக்குத் தொந்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தன. அம்மோனியாவை விட்டுவிட்டு வேறு வழி தேடினார்.

இங்கே நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரைப் படுக்கையில் தள்ளிய அதே அம்மோனியாதான் இன்றைக்கு அவருடைய இன்ஜினின் புகையைச் சுத்தம் செய்கிறது!

எப்படி என்று சொல்கிறேன். டீசல் இன்ஜினில் காற்றை மிகவும் அழுத்துவதால் வெப்பம் மிக அதிகம். அந்த வெப்பத்தில் காற்றில் இருக்கிற நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாகிறது. இது நுரையீரலுக்குக் கேடு. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, இதைக் குறைப்பதற்காகப் பல டீசல் வண்டிகளில் தனியாக ஒரு சின்ன டேங்க் வைக்கிறார்கள். அதில் ஊற்றுவதுதான் டி.இ.எஃப். என்கிற திரவம். டிரைவர்கள் ஆட்ப்ளூ என்பார்கள், யூரியாத் தண்ணி என்றும் சொல்வார்கள். அதில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி 67.5 சதவீதம் உப்பு நீக்கிய தண்ணீர். பம்ப் அதை அழுத்தி அனுப்ப, புகைக்குழாயில் இருக்கிற இன்ஜெக்டர் அதைச் சூடான புகையில் தூவுகிறது. சூட்டில் யூரியா பிரிந்து அம்மோனியா ஆகிறது. அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் கேட்டலிஸ்ட்டில் சந்தித்து, ஆபத்தில்லாத நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாறிவிடுகின்றன. கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நாக்ஸ் சென்சார்கள் இருந்து கணக்குப் பார்க்கின்றன. பின்னால் இருக்கிறது அதிகமாகக் காட்டினால் மஞ்சள் விளக்கு எரியும்.

நான்கு வருஷத் தோல்விகள்

அம்மோனியாவை விட்ட டீசல், காற்றையே வேண்டிய மட்டும் அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிய வைக்கலாம், தீப்பொறி தேவையில்லை என்று கணக்குப் போட்டார். 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1893இல் தன் கருத்தைப் புத்தகமாகவும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குருப் கம்பெனியும் செலவுக்குப் பணம் கொடுக்க முன்வந்தன.

1893 ஆகஸ்ட் 10ஆம் தேதி முதல் சோதனை. எண்ணெய் உள்ளே போனதும் பெரிய சத்தத்தோடு, அழுத்தம் அளக்கிற இண்டிகேட்டர் கருவி வெடித்துச் சிதறியது. வேறு யாராவது இருந்தால் அன்றோடு மூட்டை கட்டியிருப்பார்கள். டீசலோ, அழுத்திய காற்றில் எண்ணெய் தானாகவே பற்றுகிறது என்பது உறுதியாகிவிட்டது என்று அதையே நல்ல சேதியாக எடுத்துக்கொண்டார். இன்ஜினைத் திருத்திக் கட்டினார்கள். 1894 பிப்ரவரி 17ஆம் தேதி அது முதல் தடவையாகத் தன் சொந்த பலத்தில் ஓடியது. எவ்வளவு நேரம் தெரியுமா? சுமார் ஒரு நிமிஷம்!

அதற்குப் பிறகும் மூன்று வருஷம் பாடுபட்டார். எண்ணெய் சரியாகத் தூவவில்லை, கரி பிடிக்கிறது, அடைப்பு, கசிவு என்று தினமும் ஒரு வியாதி. அவர் செய்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: எதையும் அனுமானத்தில் மாற்றவில்லை. இண்டிகேட்டர் என்பது சிலிண்டருக்குள் நடக்கிற அழுத்தத்தைத் தாளில் கோடாக வரைந்து காட்டுகிற கருவி. நமக்கு இ.சி.ஜி. மாதிரி. ஒவ்வொரு சோதனையிலும் கோட்டைப் பார்ப்பார், குறித்துவைப்பார், ஒரு இடத்தைத் திருத்துவார், மறுபடி கோட்டைப் பார்ப்பார். தன் புத்தகத்தில் எழுதிய கணக்கே நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தபோது, அழுத்தத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டார். தான் எழுதியதைத் தானே அடித்துத் திருத்த எவ்வளவு மனசு வேண்டும்!

1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து முறையாகச் சோதித்தார். ஒரே சிலிண்டர் இன்ஜின். சுமார் 18 குதிரைத்திறன். எரிபொருளின் சக்தியில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. உலகத்தில் அதுவரை எந்த இன்ஜினும் அவ்வளவு கொடுத்ததில்லை.

ஷெட்டில் மறுநாள் காலை

மறுநாள் ஷெட்டுக்குப் போனதும், டீசல்னா யாருன்னு தெரியும் அண்ணாச்சி என்று படித்தவரைக்கும் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அவரு மாதிரி இந்த வண்டியைப் பாரு என்றார். கோட் என்பது தீர்ப்பு இல்லை, புகார் மனு மட்டும்தான். விசாரணை நாம்தான் பண்ணணும் என்பது அவர் கொள்கை. அவர் சொல்லிக்கொடுத்த வரிசையை உங்களுக்கும் எழுதி வைக்கிறேன், உதவும்.

முதலில் எல்லா கோடையும், அந்த நேரத்து வேகம், சூடு எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் அழிக்கக் கூடாது. இரண்டாவது, கண்ணால் பார்ப்பது. டேங்க் மூடி, பைப், கனெக்டர், இன்ஜெக்டர் முனை இவற்றில் வெள்ளையாக உப்புப் பூத்த மாதிரி இருந்தால் அது யூரியா படிவம். வெதுவெதுப்பான தண்ணீரில் கரையும். மூன்றாவது, திரவத்தைச் சோதிப்பது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் யூரியா எத்தனை சதவீதம் என்று காட்டும். 32.5 பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டீசலை மாற்றி இதில் ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. நான்காவது, பம்ப் அழுத்தம். பல வண்டிகளில் சுமார் 5 பார். சரியான அளவு கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். ஐந்தாவது, இன்ஜெக்டரைக் கழற்றி அளவு ஜாடியில் வைத்து, ஸ்கேனர் மூலம் தூவச் சொல்லி, எத்தனை மில்லி வருகிறது என்று ஒப்பிடுவது. ஆறாவது, புகைக்குழாயில் கசிவு. இவ்வளவும் சரியென்றால்தான் இரண்டு நாக்ஸ் சென்சாரின் அளவையும் ஒப்பிட்டு, அதன் பிறகு சென்சார் மீதோ கேட்டலிஸ்ட் மீதோ சந்தேகப்பட வேண்டும். நான் ஆறு படியையும் தாண்டி நேரே ஏழாவது படியில் குதித்திருந்தேன்.

இரண்டாவது படியில் ஒன்றும் இல்லை. மூன்றாவது படியிலேயே குட்டு வெளிப்பட்டது. ரிஃப்ராக்டோமீட்டர் 21 காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே 21. டேங்கில் தண்ணீர் கலந்திருக்கிறது!

அண்ணாச்சி டிரைவரைத் திட்டவில்லை. டீயும் வடையும் வாங்கிக்கொடுத்து உட்காரவைத்து, தம்பி, நடந்ததைச் சொன்னா வண்டி பிழைக்கும் என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார். வரும் வழியில் திரவம் குறைவு என்று காட்டியிருக்கிறது. ராத்திரி நேரம், எங்கேயும் கிடைக்கவில்லை. ஓனர் ஏன் முன்கூட்டியே பார்க்கவில்லை என்று கேட்பாரே என்ற பயம். அது பாதிக்கு மேல் தண்ணிதானே என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, கேனில் பிடித்து வைத்திருந்த குற்றாலத்துத் தண்ணீரை நாலு லிட்டர் ஊற்றிவிட்டார். அருவித் தண்ணீர் மனுஷனுக்கு மருந்து என்பார்கள். கேட்டலிஸ்ட்டுக்கு அப்படி இல்லை. எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் கரைந்த உப்புகள் உண்டு. அவை தொடர்ந்து போனால் கேட்டலிஸ்ட்டை மூடிவிடும்.

அந்த வண்டியில் திரவத்தின் தரத்தைப் பார்க்கிற தனி சென்சார் கிடையாது. யூரியா குறைந்ததால் அம்மோனியா குறைந்தது. அம்மோனியா குறைந்ததால் நைட்ரஜன் ஆக்சைடு மிச்சம் நின்றது. அதைத்தான் பின்பக்கத்து நாக்ஸ் சென்சார் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொன்ன சென்சாரைத்தான் நான் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன்!

டேங்கைக் காலி செய்து, உப்பு நீக்கிய தண்ணீரால் அலசி, புதுத் திரவம் நிரப்பினோம். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து மாட்டினோம். ஸ்கேனரோடு செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு ஏற்றம் வரை ஓட்டிப் போனோம். ஏற்றத்தில் புகைக்குழாய் நன்றாகச் சூடானதும், பின்பக்கத்து அளவு மளமளவென்று இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். திரும்பி வரும்போது விளக்கு அணைந்திருந்தது. டிரைவர் அண்ணன் தானாகவே ஓனருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சத்தம் போட்டாராம். ஆனால் வேலை போகவில்லை.

புகழும் கடனும்

இனி டீசலின் மீதிக் கதை. 1898இல் அவருடைய காப்புரிமைகளை ஒரு புதுக் கம்பெனி 35 லட்சம் மார்க்குக்கு வாங்கியது. தள்ளுவண்டி தள்ளிய பையன் நாற்பது வயதில் லட்சாதிபதி. ஆனால் அதே வருஷம் கெம்ப்டன் என்ற ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு விற்ற இன்ஜின் ஓயாமல் தகராறு செய்தது. நமக்குப் பக்கத்துச் சிவகாசி, கோவில்பட்டி மாதிரி தீப்பெட்டி ஊர் அங்கேயும்! மற்ற இடங்களிலிருந்தும் புகார்கள். ஓய்வில்லாத உழைப்பில் உடம்பும் மனசும் தளர்ந்து, அந்த வருஷம் ஒரு சிகிச்சை நிலையத்தில் இருக்க வேண்டியதாயிற்று.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய இன்ஜினுக்கு முதல் பரிசு. அங்கே காட்டப்பட்ட டீசல் இன்ஜின்களில் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. எந்த ஊரை விட்டுச் சின்ன வயதில் துரத்தப்பட்டாரோ, அதே ஊரில் கிடைத்த மரியாதை! கப்பலிலும் மின்சார நிலையத்திலும் டீசல் இன்ஜின் ஏறியது. 1912இல் செலாண்டியா என்ற டென்மார்க் கப்பல் டீசல் இன்ஜினோடு கடல்கடந்து ஓடியது.

வெளியே இப்படி. உள்ளே வேறு. மியூனிக்கில் மாளிகை கட்டினார். நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் போட்ட பணம் மூழ்கியது. காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. கண்டுபிடிப்பு அவருடையதே அல்ல என்று எதிர்த்து எழுதியவர்களும் உண்டு. கடன் ஏறிக்கொண்டே போனது. எந்த மனிதர் இன்ஜினின் ஒவ்வொரு கோளாறையும் கோடு போட்டு எழுதி வைத்தாரோ, அதே மனிதர் தன் கணக்கில் விழுந்த ஓட்டையை வீட்டாரிடம்கூட முழுதாகக் காட்டவில்லை.

1913 செப்டம்பர் 29ஆம் தேதி சாயங்காலம் பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் டீசல் இன்ஜின் கம்பெனி வேலையாகப் பயணம். கூட இரண்டு நண்பர்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள், பேசினார்கள். ராத்திரி பத்து மணி சுமாருக்கு, காலையில் எழுப்பிவிடச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அவர் இல்லை. படுக்கை கலையாமல் கிடந்தது. பத்து நாட்களுக்கு மேல் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஒரு உடலைக் கண்டு, அதிலிருந்த பொருட்களை மட்டும் எடுத்து வந்தார்கள். அவை அப்பாவுடையவைதான் என்று மகன் அடையாளம் காட்டினார். வயது 55. கால் தவறி விழுந்தாரா, தானே விழுந்தாரா, வேறு யாராவது காரணமா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. இறந்த பிறகுதான் சொத்தெல்லாம் போய்க் கடன் மட்டும் மிச்சம் என்பது குடும்பத்துக்கு முழுதாகத் தெரிந்தது.

அவர் போய் 23 வருஷம் கழித்து, 1936இல் மெர்சிடஸ் பென்ஸ் கம்பெனி டீசல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு நம்ம ஊர் வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரி ஒவ்வொன்றிலும் அவர் பெயர் ஓடுகிறது.

எனக்கும் ஒரு விளக்கு எரிந்தது

அவர் எப்படி இறந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் படித்து முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இதுதான். கணக்குப் பாடத்தில் எனக்கு ஒரு அரியர் இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. அரியர் என்றால் என்னவென்றே தெரியாத வீடு அது. ரிசல்ட் பற்றிக் கேட்டபோது எல்லாம் பாஸ் என்று சொல்லியிருந்தேன். இரண்டு செமஸ்டர் அப்படியே ஓடிவிட்டது. டேங்கில் அருவித் தண்ணீரை ஊற்றிய டிரைவர் அண்ணனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? குறைகிற இடத்தில் வெறும் தண்ணீரை ஊற்றி, நிரம்பியிருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். அரியர் என்றால் என்ன என்பதையும் விளக்கினேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தூக்கும்போது மூட்டை சரிஞ்சா, இறக்கி வச்சுட்டு மறுபடி தூக்கணும், சரிஞ்சதை மறைச்சுக்கிட்டு நடந்தா இடுப்புப் போயிரும் என்றார். அவ்வளவுதான். அம்மாதான் ரெண்டு நாள் பேசாமல் இருந்தார்.

போன செமஸ்டரில் அந்தத் தேர்வை மறுபடி எழுதினேன். 46 மார்க். பெரிய மார்க் இல்லை, பாஸ்.

நண்பர்களே! வண்டிக்குக் கோளாறு வந்தால் விளக்கு தானாக எரியும். அந்த விளக்கை அணைப்பதற்காக டி.இ.எஃப். அமைப்பையே ஏமாற்றுகிற கருவிகளை மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். விளக்கு அணையும், புகை அப்படியேதான் வரும், அதைச் சுவாசிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள். மனுஷனுக்கு அப்படி ஒரு விளக்கும் கிடையாது. நாமே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. அரியரோ, கடனோ, மனக்கஷ்டமோ, யாராவது ஒருத்தரிடம் சொல்லுங்கள். வீட்டில் முடியாவிட்டால் வாத்தியாரிடம், அதுவும் முடியாவிட்டால் பக்கத்து பெஞ்சு நண்பனிடம். யாரும் இல்லை என்று தோன்றினால் என்னிடம் வாருங்கள். ஆட்டோமொபைல் லேபில்தான் இருப்பேன்.

டீசலின் இன்ஜினை நாம் படிக்கிறோம். அவர் கோளாறு கண்டுபிடித்த முறையையும் படிப்போம். அவர் சொல்லாமல் விட்டதை நாம் சொல்லிப் பழகுவோம்.